காக்கி டவுசரும் கடலின் ஆழமும்

இணையக் கடைகளில் ஆண்களுக்கான நீச்சல் உடைகளைத் தேடிப் பாருங்கள். பூப்போட்டது, தென்னைமரம் போட்டது, முழங்காலைத் தாண்டித் தொங்குவது என்று வரிசையாக வரும். நடுவில் திடீரென்று ஒரு காக்கி டவுசர் தட்டுப்படும். வெளிர் காக்கி நிறம், கெட்டியான பருத்தித் துணி, இடுப்பில் பெல்ட் மாதிரி ஒரு நாடா, அதை இழுத்துக் கட்ட உலோக வளையம். நீளம்தான் பிரச்சினை. தொடையில் பாதிகூட வராது. ஒண்ணாம் வகுப்புப் பையனின் சீருடை டவுசர் இதைவிடக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும்! பெயர் 'யூ.டி.டி. ஷார்ட்ஸ்'. கூடவே, அமெரிக்கக் கடற்படையின் சீல் வீரர்கள் போடுவது, அஞ்சாநெஞ்சர்களுக்கானது என்கிற ரீதியில் விளம்பரம் இருக்கும்.

யூ.டி.டி. என்றால் 'அண்டர்வாட்டர் டெமாலிஷன் டீம்'. நீருக்கடியில் வெடிவைத்துத் தகர்க்கும் குழு. பெயரைக் கேட்டால் ஏதோ ஹாலிவுட் படம் மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தக் குழு உருவானதற்கு முதல் காரணம் வெடி இல்லை. ஒரு தீவைச் சுற்றித் தண்ணீர் எத்தனை அடி ஆழம் என்று சரியாகத் தெரியாமல் போனதுதான். அந்த ஒரு விஷயம் தெரியாததற்கு எத்தனை உயிர் போனது என்று பார்த்துவிட்டு டவுசருக்குத் திரும்புவோம்.

1943 நவம்பர் 20. பசிபிக் பெருங்கடலில் தராவா என்ற பவளத்தீவுக் கூட்டம். இன்று கிரிபாட்டி நாட்டின் பகுதி. அதில் பெட்டியோ என்று ஒரு குட்டித் தீவு, நீளம் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். அதற்குள் ஜப்பானியர்கள் ஒரு விமான ஓடுபாதையைப் போட்டு, சுற்றிலும் தென்னைமரத் துண்டுகளாலும் கான்கிரீட்டாலும் அரண் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். தொழிலாளர்களையும் சேர்த்து ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள். அமெரிக்க மரைன் படை அங்கே கரையேற வேண்டும். அதற்கு 'ஹிக்கின்ஸ் படகு' என்ற தட்டையான படகுகள் இருந்தன. ஆட்களை ஏற்றிவிட்டால் அது மிதக்கக் கிட்டத்தட்ட நான்கடித் தண்ணீர் வேண்டும்.

தீவைச் சுற்றிலும் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கஜத்துக்குப் பவளத்திட்டு. அதன்மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? கையில் இருந்த வரைபடங்கள் பழையவை. பிரிட்டிஷ் தரப்பில் ஹாலண்ட் என்று ஒரு மேஜர் இருந்தார். அந்தத் தீவுகளில் பதினைந்து வருடம் வாழ்ந்தவர். மூன்றடிகூடத் தேறாது, படகு தட்டிவிடும் என்று அவர் சொன்னார். மற்றவர்கள் ஐந்தடி இருக்கும் என்றார்கள். கடைசியில், தண்ணீர் இருக்கும் என்ற நம்பிக்கையிலேயே புறப்பட்டார்கள்.

தண்ணீர் இல்லை. அன்று தாழ் ஓதம். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்: சூரியனும் சந்திரனும் செங்கோணத்தில் நிற்கிற நாட்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் குறைவாக இருக்கும். அது மட்டுமல்ல, அன்று சந்திரன் பூமியிலிருந்து மிகத் தொலைவிலும் இருந்தது. இந்த இரண்டும் ஒன்றுசேர்ந்தது 1943 ஆம் வருடத்திலேயே இரண்டே தடவைதான் என்று 1987 இல் டொனால்ட் ஓல்சன் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த இரண்டில் ஒன்று பெட்டியோவில் படை இறங்கிய நாள். கடல் மணிக்கணக்கில் ஏறவே இல்லை.

படகுகள் திட்டின் விளிம்பில் தட்டி நின்றன. பவளத்தின்மேல் ஊர்ந்து போகக்கூடிய, டாங்கு மாதிரிச் சங்கிலிச் சக்கரம் வைத்த வண்டிகள் சுமார் 125 இருந்தன. முதல் அலைகள் அவற்றில் போய்ச் சேர்ந்தன. பின்னால் வந்தவர்கள் படகை விட்டுத் தண்ணீரில் குதித்து நடக்க ஆரம்பித்தார்கள். ஐந்நூறு கஜத்துக்கும் மேலே, இடுப்பளவு மார்பளவுத் தண்ணீரில், துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டிருக்க. ஒளிய ஒரு புல்கூட இல்லை. தண்ணீரில் ஓடவும் முடியாது. 76 மணி நேரத்தில் தீவு விழுந்தது. அமெரிக்கத் தரப்பில் சுமார் ஆயிரம் பேர் செத்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். ஜப்பானியப் படைவீரர்களில் உயிரோடு பிடிபட்டவர்கள் 17 பேர்தான். கொரியத் தொழிலாளர்கள் நூற்றுச்சொச்சம் பேர் பிழைத்தார்கள். (கொரியத் தொழிலாளர்களைப் பற்றி இந்தக் கதையைச் சொல்லும் யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர்களுடைய சண்டையே இல்லை அது.)

கரையோரம் மிதந்த சடலங்களைப் படம்பிடித்த ஆவணப்படத்தை அமெரிக்க மக்களுக்குக் காட்டலாமா கூடாதா என்று அதிபர் ரூஸ்வெல்ட் வரைக்கும் கேள்வி போனது. காட்டினார்கள். அது ஆஸ்கரும் வாங்கியது.

இப்போது ரிச்மண்ட் கெல்லி டர்னர் என்ற அட்மிரல் உள்ளே வருகிறார். பசிபிக்கில் படைகளைக் கரையிறக்குவது இவர் பொறுப்பு. முன்கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர். தராவாவுக்கு அப்புறம் அவர் எடுத்த முடிவு ரொம்ப எளிமையானது: இனிமேல் படை இறங்குவதற்கு முன்னால் ஒரு மனிதன் நேரில் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வரவேண்டும். விமானத்திலிருந்து எடுத்த படம் போதாது. பழைய வரைபடம் போதாது. 1943 டிசம்பரில் ஹவாயில் முதல் இரண்டு யூ.டி.டி. குழுக்கள் உருவாயின.

யாரைச் சேர்த்தார்கள் தெரியுமா? பெரும்பாலும் 'சீபீ'க்கள். அதாவது கடற்படையின் கட்டுமானப் பட்டாளம். சாலை போட்டவர்கள், சுரங்கத்தில் வெடி வைத்தவர்கள், கொத்து வேலை தெரிந்தவர்கள். பவளத்திட்டை வெடிவைத்து வழி திறக்க இவர்கள்தான் சரி என்று நினைத்தார்கள். நினைத்ததில் தப்பில்லை. ஆனால் உடுப்பு விஷயத்தில் சட்டப்புத்தகம் வேறு மாதிரி இருந்தது. முழுச் சீருடை, பூட்ஸ், இரும்புத் தொப்பி, உயிர்காப்பு மிதவை, அதற்கு மேல் இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை படகில். முடிந்தவரை படகை விட்டு இறங்காமலே வேலையை முடிக்கவேண்டும் என்பதுதான் எண்ணம். இவர்கள் நீந்துவார்கள் என்று யாரும் கற்பனைகூடச் செய்யவில்லை. அந்தக் காலத்துக் கடற்படைக்காரர் பார்வையில் நீச்சல் என்பது கப்பல் மூழ்கினால் செய்யவேண்டிய காரியம்.

1944 ஜனவரி 31. மார்ஷல் தீவுகளில் குவாஜலின். பட்டப்பகலில் கரையை நெருங்கிப் பார்த்துவிட்டு வரச்சொல்லி முதல் குழுவுக்கு உத்தரவு. போன படகுகளில் ஒன்றில் லூயிஸ் லூர்ஸ் என்ற இளம் அதிகாரியும், பில் அச்சீசன் என்ற சீஃப் பெட்டி ஆபீசரும் இருந்தார்கள். படகு போகப்போக அடியில் பவளத் தலைகள் முட்டிக்கொண்டு தெரிந்தன. இதற்குமேல் படகு போகாது. ஆனால் அட்மிரல் கேட்டது கரையோர விவரம். கயிறு கட்டிக்கொண்டு பூட்ஸோடு எட்டிப் பார்த்தால் அது கிடைக்காது.

இருவரும் இதை முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். சீருடைக்கு உள்ளே நீச்சல் டவுசர் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்! மேலே இருந்ததை எல்லாம் கழற்றிப் போட்டார்கள். தொப்பி இல்லை, பூட்ஸ் இல்லை, கயிறு இல்லை. தண்ணீரில் இறங்கிக் கரையைப் பார்க்க நீந்தினார்கள். முக்கால் மணி நேரம் தண்ணீரில் இருந்தார்கள். துப்பாக்கி மேடைகள் எங்கே இருக்கின்றன, மரக்கட்டையால் கட்டிய தடுப்புச்சுவர் எங்கே ஓடுகிறது, பவளம் எந்த இடத்தில் எவ்வளவு மேலே வருகிறது என்று பார்த்துக்கொண்டு திரும்பினார்கள். படகில் ஏறியதும் அப்படியே, உடம்பில் தண்ணீர் சொட்டச்சொட்ட, அதே டவுசரோடு டர்னரின் தலைமைக் கப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உத்தரவை மீறிய இரண்டு பேர், அரைகுறை ஆடையில், கோபக்கார அட்மிரல் முன்னால். அவர் கேட்டது டவுசரைப் பற்றி இல்லை. படகு போகுமா, போகாதா? போகாது, பவளத் தலைகள் தட்டும், சங்கிலிச் சக்கர வண்டிதான் போகும். அவ்வளவுதான். வண்டிகளை அனுப்பினார்கள். தராவாவில் இரண்டு மாதத்துக்கும் மேலே முன்னால் கிடைத்திருக்கவேண்டிய பதில் இங்கே இரண்டு பேர் நனைந்ததில் கிடைத்துவிட்டது.

அதற்கப்புறம் பயிற்சி முறையே தலைகீழானது. ஹவாயில் மாவி தீவில் இருந்த பயிற்சி முகாமில் நீச்சல்தான் முதல் பாடம். சீருடைப் பட்டியலிலிருந்து பூட்ஸும் தொப்பியும் போய், டவுசர், கண்ணாடி, கத்தி என்று சுருங்கியது. துடுப்புக் காலணி கொஞ்சம் தாமதமாக வந்தது. ஓவன் சர்ச்சில் என்ற கலிபோர்னியாக்காரர் 1940 வாக்கில் காப்புரிமை வாங்கி ரப்பரில் செய்து விற்றுக்கொண்டிருந்த சமாச்சாரம் அது. ஓ.எஸ்.எஸ். என்ற உளவு அமைப்பின் நீச்சல் பிரிவிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் மூலம் யூ.டி.டி.க்குள் பரவியது. பிற்பாடு இந்தக் குழுக்களின் வரலாற்றை எழுதிய டக் ஃபேன் என்ற அதிகாரி தன் புத்தகத்துக்கு 'நிர்வாண வீரர்கள்' என்ற பொருளில் பெயர் வைத்தார். காரணம் புரிகிறதல்லவா?

ஆக, அந்த டவுசர் ஏன் அவ்வளவு குட்டை என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். நனைந்த துணி கனக்கும். காலைச் சுற்றிக்கொண்டு இழுக்கும். மைல் கணக்கில் நீந்துகிறவனுக்குத் தொடையில் ஒட்டுகிற ஒவ்வொரு அங்குலமும் பகை. பருத்தி தண்ணீரைக் குடிக்கும்தான். அதனால்தான் துணியே கொஞ்சமாக இருக்கட்டும் என்பது. இடுப்பு நாடாவுக்கும் காரணம் உண்டு. ஓடுகிற படகிலிருந்து குதித்துப் பாருங்கள், வெறும் எலாஸ்டிக் எங்கே நிற்கும் என்று தெரியும். கத்தி தொங்கவும் இடுப்பில் ஏதாவது வேண்டும். இரண்டாம் உலகப்போரில் இது ஒரே அச்சில் தைத்த சீருடை என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் காக்கியில் நிலைத்தது.

ஓடுகிற படகு என்றோம். அதைச் சொல்லியே ஆகவேண்டும். வேகமாகப் போகிற படகின் பக்கவாட்டில் ஒரு ரப்பர் மிதவையைக் கட்டியிருப்பார்கள். கரைக்கு இணையாகப் படகு ஓடும். படகு நிற்காது, நின்றால் எதிரி குறிவைப்பான். ஒவ்வொருவராக மிதவையில் உருண்டு வந்து, சைகை கிடைத்ததும் தண்ணீரில் விழுவார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு வரிசையாக விழுந்து, அப்படியே கரையை நோக்கி நீந்துவார்கள். திரும்பும்போதும் படகு நிற்காது. மிதவையில் ஒருவன் வளையம் ஒன்றை நீட்டிக்கொண்டிருப்பான். தண்ணீரில் இருப்பவன் அதில் கையை நுழைக்கவேண்டும். படகின் வேகமே அவனைத் தூக்கி மிதவையில் போட்டுவிடும். கை நுழையவில்லை என்றால் படகு சுற்றிக்கொண்டு வரும்வரை காத்திருக்கவேண்டியதுதான், குண்டுகளுக்கு நடுவில்.

தண்ணீரில் அவர்கள் செய்தது என்ன? 1944 ஜூன் 14, சைபான் தீவு. மறுநாள் படை இறங்கப்போகிறது. டிரேப்பர் காஃப்மன் என்பவரின் ஐந்தாம் குழுவும் மற்றவர்களும் பகலில் நீந்திப் போனார்கள். அவர்கள் உடம்பில் கால் முதல் மேல்வரை அடிக்கு ஒரு கறுப்பு வளையமாகச் சாயம் பூசியிருந்தார்கள், நடுவே அரையடிக்குச் சின்னக் கோடு. மனிதனே அளவுகோல்! ஆழமில்லாத இடத்தில் நின்றால் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தூரத்தை அளக்க மீன்பிடி நூல். குறிப்பிட்ட இடைவெளியில் முடிச்சுப் போட்டு, சுருளில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், ஒரு முனையைத் திட்டின் விளிம்பில் கட்டிவிட்டு, முடிச்சுக்கு முடிச்சு ஆழம் பார்த்துக்கொண்டே கரைப்பக்கம் போவார்கள். எழுதுவதற்கு நீரில் கரையாத பிளாஸ்டிக் பலகையும் பென்சிலும். நம் ஊர்க் குழந்தைகள் சிலேட்டில் எழுதுவது மாதிரி.

தலைக்கு மேலே இரு பக்கத்துக் குண்டுகளும் பறக்க, ஒருவன் மிதந்தபடி 'நான்கரை அடி, நான்கு, மூன்றே முக்கால்' என்று சிலேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். விளம்பரத்தில் வருகிற முறைத்த முகங்களை நினைத்தால், இதை எப்படி டி-ஷர்ட்டில் போடுவது என்று தெரியாமல்தான் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. சர்வேயர் வேலை! கிராமத்தில் சங்கிலியை இழுத்து நிலம் அளக்கிற வேலைதான், என்ன, இங்கே நிலம் தண்ணீருக்கு அடியில். திரும்பி வந்ததும் அந்தச் சிலேட்டுகளை எல்லாம் சேர்த்து இரவோடு இரவாக வரைபடம் போட்டுக் கொடுப்பார்கள். டாங்குகளை எந்த வழியில் கரையேற்றலாம் என்பது அந்தப் படத்தைப் பார்த்து முடிவாகும்.

இந்தக் காஃப்மனைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்படைக் கல்லூரியில் 1933 இல் படித்து முடித்தவர். கண்பார்வை சரியில்லை என்று அதிகாரி பதவி தர மறுத்துவிட்டார்கள். அப்பா கடற்படையில் பெரிய பதவியில் இருந்தும் பலிக்கவில்லை. மனிதர் சும்மா இருக்கவில்லை. 1940 இல் பிரான்சுக்குப் போய் ஆம்புலன்ஸ் ஓட்டினார், ஜெர்மானியரிடம் பிடிபட்டார், விடுதலையாகி லண்டனுக்குப் போய் வெடிக்காத குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் வேலையில் சேர்ந்தார். அதற்கப்புறம்தான் சொந்த நாட்டுக் கடற்படை அவரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. 1943 இல் புளோரிடாவில் ஃபோர்ட் பியர்ஸ் என்ற இடத்தில் தகர்ப்புப் பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்தவர் அவரே. இன்றைக்கும் சீல் பயிற்சியில் 'நரக வாரம்' என்று ஒன்று இருக்கிறதே, தூங்கவிடாமல் வாட்டி எடுப்பது, அதன் மூலம் அங்கேதான். கண் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர், கடைசியில் கடலுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் ஆட்களுக்குத் தலைவரானார்.

ஃபோர்ட் பியர்ஸில் பழகியவர்களில் ஒரு பகுதியினர் ஐரோப்பாவுக்குப் போனார்கள். 1944 ஜூன் 6, நார்மண்டியில் ஓமஹா கடற்கரை. அங்கே வேலை ஆழம் அளப்பது அல்ல. ஜெர்மானியர் நட்டுவைத்திருந்த இரும்புச் சட்டங்களையும் மரக்கம்பங்களையும், ஏற்றம் வந்து மூடுவதற்குள் வெடிவைத்து எடுக்கவேண்டும். முழுச் சீருடை, இரும்புத் தொப்பி எல்லாம் உண்டு. அங்கே இறங்கிய கடற்படைத் தகர்ப்பாளர்கள் 175 பேரில் 31 பேர் இறந்தார்கள், 60 பேருக்குக் காயம். பாதிக்கு மேல். அந்தக் குளிரிலும் அந்த மணலிலும் டவுசர் மட்டும் போட்டிருந்தால் தப்பியிருப்பார்களா என்றால், இல்லை. இதையும் சொல்லவேண்டும். ஒரு உடை எல்லாக் கடலுக்கும் ஆகாது. முன்கூட்டிப் போய்ப் பார்க்க வாய்ப்பு இருந்த இடத்தில்தான் குவாஜலின் பாடம் உதவியது.

தவளை மனிதர்கள் என்றால் அமெரிக்கர்கள் மட்டும்தானா? இல்லவே இல்லை. சொல்லப்போனால் இவர்கள் தாமதமாக வந்தவர்கள். 1918 நவம்பர் 1 அன்றே ரோசெட்டி, பவுலூச்சி என்ற இரண்டு இத்தாலியர்கள் போலா துறைமுகத்துக்குள் ஒரு மாற்றியமைத்த டார்பிடோவில் தொற்றிக்கொண்டு போய் 'விரிபூஸ் ஊனிடிஸ்' என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தார்கள். அந்த வழியில் வந்தவர்கள் 1941 டிசம்பர் 19 விடியற்காலை அலெக்சாந்திரியாவில் செய்தது இன்னும் பெரிது. ஆறே ஆறு பேர், மூன்று 'பன்றிகள்' (அவர்கள் ஏறி ஓட்டிய நீரடி வாகனத்துக்கு அவர்களே வைத்த செல்லப்பெயர்). 'குயின் எலிசபெத்', 'வேலியண்ட்' என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் துறைமுகத்தின் தரையில் உட்கார்ந்துவிட்டன.

இவர்கள் உடை நேர் எதிர். உடம்பு முழுக்க மூடிய ரப்பர் உடுப்பு, மூச்சுவிட ஆக்சிஜன் கருவி. இரவு வேலை, குளிர்ந்த நீர், மணிக்கணக்கில் மூழ்கியிருக்கவேண்டும். அமெரிக்கர்களோ பகலில், வெதுவெதுப்பான பசிபிக்கில், தண்ணீரின் மேற்பரப்பில். எதற்காக நீந்துகிறாய் என்பதுதான் என்ன உடுத்துகிறாய் என்பதைத் தீர்மானிக்கிறது.

அலெக்சாந்திரியாவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. லூயிஜி துராண்ட் டி லா பென்னே என்ற அதிகாரியும் அவர் கூட்டாளி பியாங்கியும் 'வேலியண்ட்' கப்பலுக்குக் கீழே வெடியை வைத்துவிட்டு மேலே வந்ததும் பிடிபட்டார்கள். வாயைத் திறக்கவில்லை. அவர்களைக் கப்பலின் அடித்தட்டில், வெடிக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே, அடைத்துவைத்தார்கள். வெடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது டி லா பென்னே கேப்டன் சார்ல்ஸ் மோர்கனைக் கூப்பிட்டு, கப்பல் வெடிக்கப்போகிறது, ஆட்களை மேலே ஏற்றுங்கள் என்றார். வெடி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. திரும்பவும் கீழேயே கொண்டுபோய் அடைத்தார்கள். வெடித்தது. பிழைத்தார்கள். 1945 மார்ச்சில், இத்தாலி அணி மாறிய பிறகு, டி லா பென்னேக்கு இத்தாலியின் தங்கப்பதக்கம் தரும் விழாவில் அதை அவர் சட்டையில் குத்தியது யார் தெரியுமா? அதே மோர்கன்.

அமெரிக்க டவுசர்காரர்களுக்கும் குளிர் பாடம் கற்றுக்கொடுத்தது. கொரியப் போரில் அவர்கள் போன கடல் பசிபிக் தீவுக் கடல் இல்லை. 1950 களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர், அணுகுண்டுத் திட்டத்தில் வேலைபார்த்தவர், இந்தக் குழுக்களுக்காக யோசித்து நியோப்ரீன் உடையை உருவாக்கினார். உடம்பு நனைந்தாலும் பரவாயில்லை, துணிக்குள் அடைபட்ட காற்றுக்குமிழிகள் சூட்டைத் தக்கவைக்கும் என்பதுதான் அவர் கண்டுபிடித்த சூட்சுமம். இன்று உலகெங்கும் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் போடுகிற 'வெட்சூட்' அதுதான்.  1983 மே மாதம் மிச்சமிருந்த யூ.டி.டி. குழுக்களையும் சீல் பிரிவுகளாக மாற்றிவிட்டார்கள். குழு போனது, டவுசருக்கு மட்டும் அந்தப் பெயர் நின்றுவிட்டது.

ஆனால் வெறும் நீச்சல் டவுசரில் போருக்குப் போனவர்கள் அதோடு முடிந்துவிடவில்லை. 1971. வங்காளத்தில், பலாசிப் போர் நடந்த அதே பலாசியில், பாகீரதி ஆற்றங்கரையில் இந்தியக் கடற்படை ரகசியமாக ஒரு முகாம் நடத்தியது. கிழக்கு வங்கத்திலிருந்து ஓடிவந்த இளைஞர்களுக்கு நீரடிப் பயிற்சி. பாகிஸ்தான் வாங்கிய நீர்மூழ்கிக் கப்பலில் பயிற்சிக்காக பிரான்சில் இருந்து, அங்கிருந்து தப்பிவந்த வங்காளி மாலுமிகள் இதற்கு முதுகெலும்பு. மற்றவர்களில் பலர் மாணவர்கள், ஆற்றங்கரைப் பிள்ளைகள், நீச்சல் சிறுவயதிலேயே வந்தவர்கள். ஒவ்வொருவனுக்கும் கொடுத்தது ஒரு நீச்சல் டவுசர், ஒரு ஜோடி துடுப்புக் காலணி, ஒரு கத்தி, கப்பலின் அடியில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வெடி ஒன்று. மூச்சுக்கருவி கிடையாது. தலைவனிடம் மட்டும் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ.

ரேடியோ எதற்கு? கல்கத்தா வானொலியில் குறிப்பிட்ட ஒரு பாட்டு வந்தால் தயாராகு, இன்னொரு பாட்டு வந்தால் புறப்படு. கேட்டவர்கள் எல்லாம் ஏதோ நேயர் விருப்பம் என்று நினைத்திருப்பார்கள். ஆகஸ்ட் 15 நள்ளிரவுக்குப் பின் சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் என்று நான்கு இடங்களில் ஒரே இரவில் இறங்கினார்கள். சிட்டகாங்குக்கு அனுப்பியது அறுபது பேரை. ஒரு பிரிவு நேரத்துக்கு வந்துசேரவில்லை. வந்த நாற்பது பேரில் ஒன்பது பேர் கடைசி நிமிடத்தில் தண்ணீரில் இறங்க மறுத்துவிட்டார்கள். மிச்சம் 31 பேர் நீந்தினார்கள். 'அல் அப்பாஸ்', 'ஹோர்முஸ்' என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. அந்த ஒன்பது பேரைக் கோழைகள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. இருட்டில், ஓடும் ஆற்றில், நெஞ்சோடு வெடியைக் கட்டிக்கொண்டு, மேலே காவல் நிற்கிற கப்பலை நோக்கி ஒரு டவுசரோடு நீந்தச் சொன்னால்...

நம் பக்கத்துக் கடலும் இதைப் பார்த்திருக்கிறது. 1987 இல் தொடங்கிய இந்தியக் கடற்படை கமாண்டோப் பிரிவு, அந்த வருடம் அக்டோபரிலேயே யாழ்ப்பாணம் குருநகர் துறைக்கு நீந்திப் போய்ப் புலிகளின் படகுகளைத் தகர்த்தது. 1995 ஏப்ரல் 19 அன்று திருகோணமலையில் புலிகளின் நீரடிப் பிரிவு இலங்கைக் கடற்படையின் 'சூரயா', 'ரணசுரு' கப்பல்களை மூழ்கடித்தது. பேச்சுவார்த்தையும் அதோடு மூழ்கியது. இரண்டு பக்கமும் நீந்தியவர்கள் சின்ன வயதுக்காரர்கள்.

டவுசருக்குத் திரும்புவோம். இப்போது அதை வாங்குகிறவர்களில் பலர் அதைப் போட்டுக்கொண்டு நீச்சல் குளத்தோரம் உட்காருவார்கள், ஜிம்முக்குப் போவார்கள். போகட்டும், தப்பில்லை. நல்ல துணி, சீக்கிரம் கிழியாது. நீளம் பிடித்தால் வாங்கலாம். ஆனால் அதைக் கொலைவெறி வீரத்தின் அடையாளமாக விற்கும்போதுதான் நெருடுகிறது. குவாஜலினில் அதை முதலில் வெளியே காட்டிய இரண்டு பேரும் அன்று ஒருவரையும் சுடவில்லை. சுடுவதற்குக் கையில் எதுவும் இல்லை. பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள், அவ்வளவுதான். தண்ணீரில் வேலை செய்தவர்களுக்குள் கேலியும் நிறைய இருந்தது. 1944 ஜூலையில் குவாம் தீவில் படை இறங்குவதற்கு முன்னால் நான்காம் குழுவினர் கரையில் ஒரு பலகையை நட்டுவிட்டுத் திரும்பினார்கள். மரைன்களே வருக, ராணுவ கேளிக்கை மன்றம் இரண்டு தெரு தள்ளி, உபயம் நான்காம் குழு என்ற அர்த்தத்தில் அதில் எழுதியிருந்தது. முதலில் கரையேறுகிறவர்கள் தாங்கள்தான் என்று பெருமை பேசுகிற மரைன்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

பெட்டியோவில் இறந்தவர்களை அன்றைக்கு அவசர அவசரமாகத் தீவிலேயே புதைத்தார்கள். மேலே ஓடுபாதையும் கட்டிடங்களும் வந்தன, கல்லறைகள் எங்கே என்பதே மறந்துபோனது. 2015 இல் தோண்டியபோது ஒரே வரிசையில் முப்பதுக்கும் மேற்பட்ட மரைன்களின் எலும்புகள் கிடைத்தன. பல்லையும் எலும்பையும் வைத்து ஒவ்வொருவராகப் பெயர் கண்டுபிடித்து, எழுபது வருடம் கழித்து ஊருக்கு அனுப்பினார்கள்.